மழை என்ன குற்றம் செய்தது?

நமது நாட்டில் மழை பெய்யாவிட்டால் ஒரு கூச்சல். பெய்துவிட்டால் மற்றொரு கூச்சல். பெய்யாத வருஷத்தில் "மழை ஏமாற்றிவிட்டது" என்கின்றோம். பெய்த வருஷத்தில் "மழை வந்து ஊரை நாறடித்துவிட்டது, குளத்தைக் கெடுத்துவிட்டது, காய்ச்சலைக் கொண்டுவந்துவிட்டது" என்கின்றோம். ஆனால், மழையானது மேலேயிருந்து வரும்போது சாக்கடையைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதில்லை என்பதும், பூமியில் விழுந்த பிறகு அதன் வழியில் நாம் எதை எதைப் போட்டு வைத்திருக்கின்றோமோ அதையெல்லாம் வாரிக்கொண்டு போய்த்தான் வாய்க்காலிலும், குளத்திலும், ஆற்றிலும் சேர்க்கின்றது என்பதும் சற்று யோசித்துப் பார்ப்பவர்களுக்கு விளங்காமற் போகாது. ஆகவே, மழையின்மேல் குற்றஞ்சுமத்துவதானது, வீட்டுக்காரன் செய்த காரியத்திற்கு வேலைக்காரனை அடிப்பது போன்றதே யாகும்.

"சாக்கடையையும் வாய்க்காலையும் பற்றித் தலையங்கம் எழுதுவதற்கா இப்பத்திரிகை நடத்துகின்றீர்கள்?" என்று நம் தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். ஆம், அதற்குந்தான் என்றே சொல்லுகின்றோம். பகுத்தறிவு என்பது மேடையில் ஏறிப் புராணத்தைக் கேலி செய்வதோடு முடிந்துபோகிற காரியமல்ல. ஒரு கெடுதி வந்தால் அதற்குக் காரணம் என்னவென்று தேடுவதும், தேடிக் கண்ட காரணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்பதும், உண்மையானால் அதை நீக்க வழி செய்வதுமே பகுத்தறிவாகும். அந்த அறிவைத் தன் வீட்டு வாசலிலும், தன் தெருவிலும் உபயோகிக்காதவன் அதை மேடையில் உபயோகித்து என்ன பயன்?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். எந்தச் சிறிய ஊரையாவது எடுத்துக் கொண்டு, மழைக்காலம் துவங்குவதற்கு முந்தின வாரத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பாருங்கள். மோட்டார் பட்டறை வாசலில் பழைய எண்ணெய் மண்ணோடு மண்ணாய்க் கறுத்துக் கிடக்கும். ஓட்டலுக்குப் பின்புறம் எச்சில் இலையும், பாத்திரம் கழுவிய தண்ணீரும். கறிக்கடைக்குப் பக்கத்தில் இரத்தமும் கோழி இறகும். புது வீடு கட்டுகிற இடத்தில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு மணலும் சிமெண்டும். தெரு நெடுக மாட்டுச்சாணி, நாய் அசிங்கம், கிழிந்த பிளாஸ்டிக் பைகள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாதது ஒன்று உண்டு. அதாவது, மழைத் தண்ணீர் போவதற்கென்று கட்டிய வடிகாலில் இரவோடு இரவாகக் குழாய் இறக்கிக் கக்கூசுத் தண்ணீரைச் சேர்த்து விட்டிருக்கும் பெரிய மனிதர் வீடுகள் எத்தனை என்பது, அந்த வடிகாலின் மூடியைத் திறந்து பார்ப்பவர்களுக்கே தெரியும்.

இவ்வளவும் மாதக்கணக்காய்ச் சேர்ந்து கிடக்க, முதல் மழை வருகின்றது. அந்த முதல் மழைதான் அழுக்கில் பெரும் பகுதியை வாரிக்கொண்டு போவதாகும். இதைப் பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சொல்ல வேண்டியதில்லை. கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் நம் வீட்டுப் பெண்கள் முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்காமல் ஓட விட்டுவிட்டு, அடுத்த மழைக்குத்தான் அண்டாவை வைக்கின்றார்கள். கூரைக்குத் தெரிந்த இந்த நியாயம் தெருவுக்கு மாத்திரம் தெரியாமற் போனதேன்? தெருத் தண்ணீர் போய்ச்சேருகிற இடம் நம் அண்டா அல்ல, வேறொருவனுடைய குளம் என்கின்ற அலட்சியத்தைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

குளத்தில் போய்ச் சேர்ந்த அழுக்கு என்ன செய்கின்றது? சாணியும், எச்சிலும், கக்கூசுத் தண்ணீரும் அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. பிராணவாயு இல்லாத தண்ணீரில் மீன் உயிரோடிருக்க முடியாது. மழை பெய்த மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், பிறகு செத்து மிதப்பதும் இதனால்தான் பெரும்பாலும் ஏற்படுகின்றன. வயலில் போட்ட உரமும், சலவைத் தூளும், சாணியும் தண்ணீருக்குப் பாஸ்பரஸ் என்னும் சத்தைக் கொடுக்கின்றன. அந்தச் சத்தைக் கொண்டு பாசி பெருகிக் குளம் பச்சை வர்ணம் பூசினதுபோல் ஆகிவிடுகின்றது. பிறகு அந்தப் பாசியும் செத்து அழுகி, மிச்சமிருக்கிற பிராணவாயுவையும் தின்கின்றது.

இப்படிச் சொன்னால், "இதற்கு அத்தாட்சி என்ன? நீங்களும் புராணக்காரரைப் போலவே சொல்லுகின்றீர்களே" என்று யாராவது கேட்டால் அவரை நாம் மெச்சுவோம். அத்தாட்சி உண்டு. கனடா தேசத்தில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் ஏரிகளுள் 226-வது நம்பர் ஏரி ஒன்று. அது நடுவில் இடை சிறுத்த ஏரி. டேவிட் ஷிண்ட்லர் என்னும் ஆராய்ச்சிக்காரரும் அவருடைய கூட்டத்தாரும் 1973-ம் வருஷத்தில் அந்த இடையில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பாதியில் மாத்திரம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் பாஸ்பரஸ் போட்ட பாதி பாசி படர்ந்து பச்சையாகிவிட்டது. போடாத பாதி முன்போலவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்த ஏரியின் படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு வியாக்கியானமே வேண்டியதில்லை. ஒரே ஏரி, ஒரே வெயில், ஒரே மழை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. இதற்குப் பெயர் அத்தாட்சி. யாரோ ஒரு ரிஷி சொன்னார் என்பது அத்தாட்சியல்ல.

இன்னொரு உதாரணமும் சொல்லுவோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டிய ஓடைகளில் கோஹோ சால்மன் என்கின்ற மீன்கள் கடலிலிருந்து முட்டையிடுவதற்காகத் திரும்பி வருவதுண்டு. மழை பெய்ததும் அந்த மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே சில மணி நேரத்திற்குள் துடித்துச் செத்துக் கொண்டிருந்தன. ஓடையைச் செலவு செய்து சீர்திருத்திய பின்னும் சாவு நிற்கவில்லை. பல வருஷ காலம் தேடித் தேடிக் கடைசியாக 2020-ம் வருஷத்தில்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அது என்ன? மோட்டார் வண்டி டயர் தேய்ந்து ரோட்டில் உதிர்கின்ற தூள்! டயர் சீக்கிரம் வெடித்துப்போகாமல் இருப்பதற்காக ரப்பரில் சேர்க்கும் ஒரு சரக்கு காற்றிலுள்ள வேறொரு வாயுவோடு சேர்ந்து விஷமாக மாறி, மழைத் தண்ணீரோடு ஓடையில் இறங்கி மீனைக் கொன்றிருக்கின்றது. அங்கே உள்ளவர்களும் "மீனுக்கு விதி முடிந்தது" என்று சொல்லிச் சும்மா இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் இன்றைக்கும் காரணம் தெரிந்திருக்காது. இதைவிட முக்கியமானதென்னவென்றால், அதே ரோட்டுத் தண்ணீரை மணலும் மக்கும் கலந்த மண்ணின் வழியாக வடித்து விட்டுப் பார்த்ததில், அந்தத் தண்ணீரில் மீன்கள் சாகாமல் பிழைத்திருந்தன. விஷத்தைக் கொண்டு போவது மழை. விஷத்தைப் பிடித்து நிறுத்துவது மண் என்பது இதனால் ஏற்படுகின்றது.

நிற்க, தண்ணீர் கெடுவதைப் பற்றி நமது தேசத்தார் வெகு நாளாகவே கவலைப்பட்டு வந்திருக்கின்றார்கள் என்று சிலர் பெருமை பேசுவார்கள். உண்மைதான். ஆனால் எதற்காகக் கவலைப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டாமா? பம்பாய் மாகாணத்தில் மகாடு என்னும் ஊரில் சௌதார் குளம் என்று ஒரு குளம். அதில் மாடு தண்ணீர் குடிக்கலாம். தீண்டப்படாதார் என்று சொல்லப்பட்ட மனிதன் மாத்திரம் தொடக்கூடாது. எல்லோருக்கும் பொது என்று முனிசிபாலிட்டியார் தீர்மானம் செய்த பின்னும் இப்படியே இருந்தது. 1927-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். உடனே குளம் தீட்டுப்பட்டுவிட்டதென்று சொல்லி, மேல்சாதியார் அதற்குச் சாந்தி செய்தார்கள். எதைக்கொண்டு? சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்த பஞ்சகவ்வியத்தைக் குளத்தில் கொட்டி! தாகத்திற்குக் குடித்தவனுடைய கைபட்டதால் தண்ணீர் கெட்டுவிட்டதாம்; சாணியைக் கரைத்ததால் சுத்தமாகிவிட்டதாம். தீட்டு என்பதற்கும் அழுக்கு என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட விளக்கமாக யாரால் சொல்ல முடியும்?

அந்தச் சம்பவத்திற்கு 43 வருஷங்களுக்கு முன்பே, 1884-ம் வருஷத்தில், இந்தத் தேசத்திலேயே, கல்கத்தாவில், ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் தேசத்து வைத்தியர் ஒரு குளத்துத் தண்ணீரில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டு காட்டிவிட்டார். அந்தக் குளத்தில்தான் சுற்றிலுமுள்ளவர்கள் துணி துவைத்தார்கள், குளித்தார்கள், குடித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் வெகுகாலம் வாந்திபேதி வந்தால் ஊர்த் தேவதைக்குக் கோபம் என்று கிடாய் வெட்டினோமே ஒழிய, குளத்திற்குள் எது இறங்குகிறது என்று பார்க்கவில்லை. தீட்டு என்பது இல்லாதது. ஆகையால் எந்தக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அழுக்கு என்பது இருப்பது. ஆகையால் சோதித்தால் தெரியும். இல்லாததற்குக் காவல் வைத்து, இருப்பதை வரவேற்று வந்ததுதான் நம் பெருமையின் யோக்கியதை!

இனி, வழி என்ன என்று பார்ப்போம். ஒரு சிறு கூட்டம் மக்கள் நினைத்தால் இதில் என்ன செய்ய முடியும் என்பதற்கு, அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்திலுள்ள பர்ன்ஸ்வில் என்னும் ஊரின் ஒரு தெருவை உதாரணமாகச் சொல்லலாம். அந்த ஊரில் கிரிஸ்டல் ஏரி என்று ஓர் ஏரி. பெயர் பளிங்கு ஏரி. ஆனால் சுற்றியுள்ள தெருக்களின் மழைத் தண்ணீர் நேராக அதில் விழுந்ததால் பாசி படர்ந்து கொண்டிருந்தது. அந்தத் தெருக்களில் தண்ணீரைச் சுத்திகரிக்கத் தனியாக இடமுமில்லை. அதற்காக அவர்கள் செய்தது என்னவென்றால், ஒரே மாதிரியான இரண்டு தெருப்பகுதிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். இரண்டிலும் மழைத் தண்ணீர் எவ்வளவு ஓடுகின்றதென்று அளந்தார்கள். பிறகு 2003-ம் வருஷத்தில் ஒரு பகுதியில் மாத்திரம், வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு, அவர்கள் வீட்டு முன்புறத்தில் 17 மழைத்தோட்டங்களை வெட்டினார்கள். மற்றப் பகுதியை முன்போலவே விட்டு வைத்தார்கள். பின்னர் மறுபடியும் இரண்டையும் அளந்தார்கள். தோட்டம் போட்ட பகுதியிலிருந்து ஓடி வரும் தண்ணீர் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது!

மழைத்தோட்டம் என்றால் ஏதோ மகாராஜா தோட்டமென்று யாரும் பயப்பட வேண்டாம். அது ஓர் ஆழமில்லாத பள்ளம்; அவ்வளவுதான். தெரு ஓரக் கட்டையில் ஓரிடத்தில் வெட்டிவிட்டுத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கும்படி செய்வார்கள். அடியில் மணலும் மக்கும் கலந்த மண். மேலே ஆழமாக வேர் விடும் செடிகள். தண்ணீர் அங்கே சற்று நின்று, வண்டலை இறக்கிவிட்டு, மண்ணுக்குள் போய்விடுகின்றது. எண்ணெயையும் மற்ற அசுத்தங்களையும் மண்ணும், மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் பிடித்துக்கொள்ளுகின்றன. வேர்கள் மண்ணை இறுகவிடாமல் வைத்திருக்கின்றன. வருஷத்திற்குச் சிலமுறை வண்டலை அள்ளிக் களை எடுப்பது வீட்டுக்காரர் வேலை.

"பள்ளத்தில் தண்ணீர் நின்றால் கொசு வருமே" என்று கேட்பது நியாயமான கேள்வியாகும். கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். ஒழுங்காக வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் இரண்டு நாளைக்குமேல் நிற்கக்கூடாது. நின்றால் அது மழைத்தோட்டமல்ல, குட்டை. ஆகவே வெட்டுவதற்கு முன் ஒரு முழக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறதென்று பார்க்க வேண்டும். கெட்டியான களிமண் பூமியில் இது நடக்காது. வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டியும், குடிதண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்திலும் வெட்டக்கூடாது. கக்கூசுத் தண்ணீரை இதில் விடவே கூடாது. மேலும், நம் பக்கத்து ஐப்பசி கார்த்திகை அடைமழையை 17 பள்ளங்கள் குடித்துத் தீர்த்துவிடும் என்று நாம் புளுகவில்லை. பெருமழையில் பள்ளம் நிரம்பி வழியத்தான் செய்யும். ஆனால் அழுக்கு மிகுந்த முதல் தண்ணீர் பள்ளத்தில் இறங்கிவிடுமல்லவா? அதுவே பெரிய லாபம்.

தோட்டம் ஒன்றே போதுமென்றும் அவர்கள் நினைக்கவில்லை. மினசோட்டாவில் 2005-ம் வருஷம் முதல் மாகாணம் முழுவதிலும் வீட்டுப் புல்தரைக்குப் பாஸ்பரஸ் உரம் போடுவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்திவிட்டார்கள். அமெரிக்க சர்க்கார் தண்ணீர்ச் சுத்தத்திற்கு 1972-ல் சட்டம் செய்தபோது பெரும்பாலும் தொழிற்சாலைக் குழாயையும் ஊர்ச் சாக்கடையையுமே கவனித்தார்கள். மழைத் தண்ணீரை 1987-ல்தான் சட்டத்தில் சேர்த்தார்கள். சிறிய ஊர்களையும் 1999-ல் செய்த விதியினால் அதற்குக் கட்டுப்படுத்தினார்கள். அந்த விதி சிறிய ஊர்களுக்கு ஆறு கடமைகளைச் சொல்லுகின்றது. ஜனங்களுக்கு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். காரியத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழை வடிகாலில் திருட்டுக் குழாய் இறக்கியிருப்பதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். கட்டிடம் கட்டுமிடத்து மண் ஓடாமல் தடுக்க வேண்டும். கட்டி முடிந்த பிறகும் அங்கே விழும் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். கடைசியாக, ஊராட்சி தன்னுடைய சொந்தக் காரியாலயம், வண்டிப்பட்டறை, குப்பைக்கிடங்கு இவற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் தங்கள் முற்றத்தைப் பெருக்க வேண்டுமென்று சட்டத்திலேயே எழுதியிருப்பதை நம் ஊர்ப் பிரமுகர்கள் கவனிப்பார்களாக!

நம் நாட்டில் சட்டமில்லை என்று சொல்லமுடியாது. தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்தில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் நாம் பார்த்த பல வீடுகளில் குழாய் இருக்கின்றது. குழி தூர்ந்து போயிருக்கின்றது. ஒருதரம் மட்டும் உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களை 2019-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்தார்கள். அந்தப் பை இன்றைக்கும் வடிகாலில் மிதக்கின்றது. சட்டம் என்பது பூட்டு. சாவியைத் திருப்புகிற கை ஊராருடைய கைதான்.

இவற்றையெல்லாம்விட நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இரண்டு சங்கதிகள். முதலாவது, தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். நம் ஊர்களில் மேட்டில் குடியிருப்பது யார், பள்ளத்தில் குடியிருப்பது யார்? பெரும்பாலான ஊர்களில் பள்ளமான இடத்தில்தான் சேரியைத் தள்ளி வைத்திருக்கின்றோம். ஆகவே, மேல்தெருவில் கொட்டின எண்ணெயும், கடைத்தெருவில் கொட்டின எச்சிலும், பங்களாவில் இறக்கின கக்கூசுக் குழாயும் முடிவில் போய் நிற்பது அவர்களுடைய வாசலில். பிறகு அதே தெருக்காரர், "அவர்கள் இருக்குமிடம் எப்போதும் அசுத்தம்" என்று மூக்கைப் பிடித்துக் கொள்ளுகின்றார். யாருடைய அசுத்தம் ஐயா அது?

இரண்டாவது, அடைத்துக்கொண்ட வடிகாலுக்குள் இறங்குகிறவன் யார்? மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதை 1993-ம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. 2013-ம் வருஷத்துச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள்ளும் மலத்தொட்டிக்குள்ளும் மனிதனை இறக்குவதையும் குற்றமாக்கியது. சாக்கடையில் இறங்கிச் செத்தவனுடைய குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டார் 2023-ம் வருஷத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படியும் சாவு நிற்கவில்லை. மழை வடிகாலில் கக்கூசுக் குழாயை இறக்கினவனுக்கு, தான் ஒருவனுடைய உயிருக்குக் குழி வெட்டுகின்றோம் என்பது தெரியாதா? அந்தக் கெட்ட தண்ணீர் மூடின வடிகாலில் தேங்கி அழுகினால் விஷ வாயு உண்டாகும். பிறகு அடைப்பெடுக்க ஒரு ஏழையைக் கூலி பேசி இறக்குவார்கள். ஆகவே, வடிகாலில் அழுக்கை விடாமலிருப்பது மீனைக் காப்பாற்றுவது மாத்திரமல்ல, மனிதனைக் காப்பாற்றுவதாகும். இதைச் சுயமரியாதைக்காரன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகின்றார்கள்?

"இதெல்லாம் முனிசிபாலிட்டியின் வேலை, வரி கொடுக்கிறோம், நமக்கென்ன?" என்பவர்கள் இருக்கின்றார்கள். முனிசிபாலிட்டியின் வேலைதான். அதைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான். ஆனால் பட்டறை எண்ணெயை மண்ணில் ஊற்றும்போது எந்த கவுன்சிலர் வந்து கையைப் பிடித்து ஊற்றச் சொன்னார்? ஒரு காலன் பழைய எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்க சர்க்காரின் சுற்றுப்புற இலாகாவார் சொல்லுகின்றார்கள். அந்த எண்ணெயை டப்பாவில் பிடித்து வைத்தால் விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கின்றார்கள். காசையும் விட்டுக் குளத்தையும் கெடுப்பது எந்த ஊர்ப் புத்திசாலித்தனம்? "நான் ஒருவன் செய்து என்ன ஆகும்?" என்பது மற்றொரு சமாதானம். குளத்தைக் கெடுத்தவர்கள் ஆயிரம் பேரும் ஒவ்வொருவராக இருந்துதானே கெடுத்தார்கள்? திருத்துவதற்கு மாத்திரம் ஒன்றாகத்தான் வர வேண்டுமோ?

ஊரைச் சொன்ன நாம் நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டியது யோக்கியமாகும். சென்ற மழைக்காலத்திற்குச் சற்று முன், ஒரு சிறிய ஊரில் நம் தோழர்கள் பொதுக்கூட்டம் போட்டிருந்தார்கள். நாமும் பேசினோம். மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டுமென்று ஒன்றரை மணி நேரம் பேசினோம், கைதட்டினார்கள். மறுநாள் காலை ரயிலுக்குப் போகும் வழியில் அந்த மைதானத்தைப் பார்த்தோம். காகிதத் தோரணமும், டீ டம்ளரும், சாப்பாட்டுப் பொட்டலமும், கிழிந்த துண்டுப் பிரசுரமும் மைதானம் முழுவதும் கிடந்தன. பக்கத்திலேயே ஊருணிக்குப் போகும் வரத்து வாய்க்கால். ஒரு வயதான அம்மாள் விளக்குமாறும் கூடையுமாகப் பெருக்கிக் கொண்டிருந்தார். நம்மைப் பார்த்து, "சாமி ஊர்வலம் போனாலும் நான்தான் கூட்டுறேன். சாமி இல்லேன்னு நீங்க பேசினாலும் நான்தான் கூட்டுறேன்" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஒன்றரை மணி நேரம் நாம் பேசியதைவிட அந்த அம்மாள் பேசிய இரண்டு வாக்கியங்களில் அதிக விஷயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஆகையால், நம் தோழர்களுக்கும், சங்கங்களுக்கும் சில காரியங்களைச் சொல்லிக்கொள்ளுகின்றோம். முதலாவது, இனி நம் கூட்டம் முடிந்த இடத்தை அன்றிரவே நாமே பெருக்கிவிட்டுத்தான் கலைய வேண்டும். பேசினவர்களும் சேர்ந்து பெருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு சங்கமும் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, ஆவணி புரட்டாசியிலேயே, முதல் மழைக்கு முன், அதில் கிடக்கும் எண்ணெய், குப்பை, மணல் இவற்றை வாரி அப்புறப்படுத்த ஏற்பாடு செய்ய வேண்டும். மழைக்குப் பின் பெருக்குவதைவிட முன் பெருக்குவதில் பத்து மடங்கு பிரயோஜனம் உண்டு. மூன்றாவது, பட்டறைக்காரர், ஓட்டல்காரர், கறிக்கடைக்காரர் இவர்களிடம் சண்டைக்குப் போகாமல், விஷயத்தைச் சொல்லி, டப்பாவும் தொட்டியும் வைக்கச் செய்ய வேண்டும். நான்காவது, வெயில் காலத்தில் மழை வடிகாலைப் பாருங்கள். பத்து நாளாய் மழையில்லாதபோதும் அதில் தண்ணீர் ஓடினால், அது மழைத் தண்ணீர் அல்ல என்று அர்த்தம். அது எந்த வீட்டுத் தண்ணீர் என்று கண்டுபிடித்து நகராட்சிக்கு எழுத்து மூலம் மனுக்கொடுத்து, நீக்கும் வரையில் விடக்கூடாது. அந்த வீடு நம் தலைவர் வீடானாலும் விடக்கூடாது. ஐந்தாவது, பள்ளிக்கூடம், சங்கக் கட்டிடம் போன்ற பொது இடமொன்றில் பூமி இடங்கொடுத்தால் ஒரு மழைத்தோட்டம் வெட்டிப் பார்க்க வேண்டும். ஆறாவது, வடிகாலுக்குள் மனிதனை இறக்குவதை யார் செய்தாலும் முன்னின்று தடுக்க வேண்டும்.

இதிலும் நம் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம். பர்ன்ஸ்வில்காரர் செய்ததுபோல நீங்களும் சோதித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் இரண்டு தெருக்களைப் பொறுக்கி, ஒன்றில் இந்தக் காரியங்களைச் செய்யுங்கள். மற்றதை விட்டு வையுங்கள். முதல் மழையன்று இரண்டு தெருவின் முடிவிலும் ஓடி வரும் தண்ணீரை ஆளுக்கொரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, டீக்கடைப் பலகையின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் யாருக்கும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. பார்த்தவர்கள் தாங்களே பேசுவார்கள். நாம் சொன்னது தப்பானால் அந்தப் பாட்டிலே நம்மைத் தப்பென்று காட்டிவிடும். அதையும் இந்தப் பத்திரிகையிலேயே போடச் சித்தமாயிருக்கின்றோம்.

மழை ஒரு குற்றமும் செய்யவில்லை. மேலே பங்களாவிலும் பெய்கின்றது, கீழே சேரியிலும் பெய்கின்றது. அதற்குச் சாதியுமில்லை, மதமுமில்லை. அது நம் வாசலைத் தாண்டும்போது எதைச் சுமந்துகொண்டு போகின்றதோ, அதுதான் நாம் அடுத்த மனிதனை எப்படி மதிக்கின்றோம் என்பதற்கு அளவாகும். அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கின்றது. அதற்குள் விளக்குமாறை எடுப்போமாக.